பாதிக் கிணறு

பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர். அத்தை வீட்டு வாசலில், திண்ணைக்கும் சாக்கடைக்கும் நடுவே, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள். நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, அடியில் கொஞ்சம் ஜல்லி. குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் குடம். குடத்தின் வாய்க்கு நேராக, தரைமட்டத்துக்கும் கீழே, அறுத்துவிடப்பட்ட ஒரு குழாய் முனை. அரசு வைத்துக்கொடுத்தபோது அந்தக் குழாய் சிறிய சிமெண்ட் தூணில், இடுப்பளவு உயரத்தில்தான் இருந்தது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. “நாங்க மேட்டுத் தெருவாச்சே. கீழ்த் தெருவுல நாலு பேரு மோட்டார வெச்சு உறிஞ்சிடுறாங்க. குழி தோண்டினாத்தான் குடம் நெறையுது” என்றார் அத்தை.

குழியின் அடியில் கலங்கல் தண்ணீர் தேங்கியிருந்தது. குழாய் முனை அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊரின் மேல்நிலைத் தொட்டியில் வால்வை அடைத்ததும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். இறங்கும்போது வெளியே நிற்கும் தண்ணீரை உள்ளே இழுக்கும். மறுநாள் காலை வால்வு திறந்ததும் முதலில் வருவது அந்தக் கலங்கல்தான்.

அரசுக் கணக்கில் இது குழாய் இணைப்பு பெற்ற வீடு. அதில் பொய் ஏதும் இல்லை. இந்தக் குழாயை நான் குறைத்துப் பேசவும் மாட்டேன். காவிரித் தண்ணீர் வருவதற்கு முன் இந்த ஊர் குடித்தது ஆழ்துளைக் கிணற்று நீர். ஃபுளோரைடு மிகுந்த நீர். பல்லில் காவி ஏறி, நடுவயதிலேயே முட்டி மடங்காமல்போன ஒரு தலைமுறை இந்த வட்டாரம் முழுக்க உண்டு. ஃபுளோரைடைக் காய்ச்சிப் போக்க முடியாது. காய்ச்சினால் செறிவு கூடத்தான் செய்யும். ஏழைக் குடும்பம் ஒன்று தன் கைக்காசில் தப்பித்துக்கொள்ள வழியில்லாத நோய் அது. 1,928 கோடி ரூபாய்ச் செலவில், ஜப்பானியக் கடனுதவியோடு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஆற்றைக் கொண்டுவந்து சேர்த்தது. அத்தை சிரித்தால் பழைய தண்ணீர் தெரிகிறது. அவருடைய பேத்தி சிரித்தால் புதிய தண்ணீர் தெரிகிறது.

பொதுப்பணத்தைப் போட்டு ஒரு நாட்டின் தண்ணீர்ப் பற்றாக்குறையையும் கழிப்பறைப் பற்றாக்குறையையும் தீர்க்க முடியுமா என்ற கேள்விக்கு அந்த வாசலில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. பேத்தியின் பல் ஒன்று; குழி மற்றொன்று. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். 2014 முதல் இந்தியா செய்திருப்பதை இரண்டையும் தட்டில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

முதலில் செய்து முடித்ததைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் கிராமப்புற வீடுகளில் 3.23 கோடி வீடுகளுக்குத்தான் குழாய் இருந்தது. நூற்றுக்கு 17 வீடு. 2025 தொடக்கத்தில் அது 15 கோடியைத் தாண்டி, நூற்றுக்கு 80-ஐ ஒட்டி வந்துவிட்டது. 2019-ல் போட்ட திட்ட மதிப்பீடு 3.60 லட்சம் கோடி ரூபாய். மத்திய அரசின் பங்கு 2.08 லட்சம் கோடி. கழிப்பறைப் பக்கம், 2014 அக்டோபர் 2-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஐந்தாண்டில் 10 கோடிக்கு மேற்பட்ட கழிப்பறைகளைக் கட்டியதாகக் கணக்கு. வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. உலகத்தில் வேறெந்த மக்களாட்சியும் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பேருக்கு இவற்றைச் செய்து காட்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? பணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் பணம் முன்பும் இருந்தது. 2012 முதல் 2017 வரை தேசிய ஊரகக் குடிநீர்த் திட்டத்தில் 81,168 கோடி ரூபாய் செலவானது. 35 விழுக்காடு வீடுகளுக்குக் குழாய் இணைப்பு தருவது இலக்கு. காலக்கெடு முடிந்தபோது கிடைத்திருந்தது 17 விழுக்காடு. மத்திய தணிக்கை அறிக்கை 2018-ல் இதைப் பட்டவர்த்தனமாக எழுதியது. அந்தத் திட்டமும் அதற்கு முந்தைய திட்டங்களும் எண்ணியது குடியிருப்புகளை. 250 பேருக்கு ஒரு கைப்பம்பு நட்டால் அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுத்தாயிற்று என்று கோப்பு மூடப்படும். பம்பு காலனிக்கு எட்டாத இடத்தில் நடப்பட்டிருக்கலாம். அடுத்த கோடையில் வற்றிப்போயிருக்கலாம். கணக்கில் மாற்றம் இராது. ஜல் ஜீவன் செய்த உண்மையான சீர்திருத்தம், எண்ணும் அலகைக் குடியிருப்பிலிருந்து வீட்டுக்கு மாற்றியதுதான். வீட்டை எண்ணத் தொடங்கியதும் வீட்டுக்குக் குழாய் வந்தது. அரசு எதை எண்ணுகிறதோ அதைத்தான் ஒப்பந்ததாரர் கட்டுவார், பொறியாளர் ஒப்பமிடுவார், கருவூலம் பணம் விடுவிக்கும். அத்தை வீட்டுக் குழிக்கும் காரணம் இதேதான். குழாயை எண்ணினார்கள், குழாய் வந்தது. அழுத்தத்தை யாரும் எண்ணவில்லை.

இந்த இடத்தில் ஒரு தரப்பு குறுக்கிடும். அரசால் இவ்வளவுதான் முடியும். தண்ணீரை விலை வைத்து விற்று, தனியார் மூலதனத்தைக் கொண்டுவந்தால் அழுத்தமும் வரும், தரமும் வரும் என்று. இந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது. நமக்கு அதைச் சோதித்துப் பார்க்க வெளிநாடு போகவும் வேண்டியதில்லை, திருப்பூர் இருக்கிறது.

இந்தியாவில் தனியார் பங்கேற்போடு எழுப்பப்பட்ட முதல் பெரிய குடிநீர்த் திட்டம் திருப்பூரில்தான் வந்தது. நொய்யல் ஆறு சாயமாகிவிட்டது, நிலத்தடி நீர் உப்பேறிவிட்டது, பட்டறைகள் லாரித் தண்ணீரை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தன. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்து வர ஆயிரம் கோடிக்கு மேல் போட்டு, 2005 வாக்கில் தண்ணீர் விட்டார்கள். கணக்கு நேர்த்தியானது: சாயப்பட்டறைகளுக்குக் கூடுதல் விலைக்கு விற்பது, அந்த வருமானத்தில் ஊர்களுக்கும் வீடுகளுக்கும் மலிவாகக் கொடுப்பது. பணக்காரத் தண்ணீர் ஏழைத் தண்ணீரைத் தாங்கும் என்பது ஏற்பாடு. ஆனால் பட்டறைகள் எதிர்பார்த்த அளவுக்கு வாங்கவில்லை. 2011 ஜனவரியில் கழிவுநீரைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் திட்டத்தைத் தாங்கிய தூண் சரிந்தது. கடனை மறுசீரமைக்க வேண்டிவந்தது. ஆற்றைக் காக்க வந்த நியாயமான ஒரு தீர்ப்பு, குடிநீர்த் திட்டத்தின் வரவைக் குலைத்துவிட்டது. தண்ணீர் விற்பனையை நம்பி நிற்கும் நிறுவனம் யாருக்கு அதிகம் விற்கலாம் என்று பார்த்தாக வேண்டும். மேட்டுத் தெருவின் கடைசி வீடு அந்தப் பட்டியலில் எப்போதும் அடியில்தான் இருக்கும். திருப்பூரிலாவது அதிக விலை கொடுக்கப் பட்டறைகள் இருந்தன. பென்னாகரத்துச் சிற்றூரில் யார் இருக்கிறார்கள்? நாட்டின் பற்றாக்குறை எங்கே அதிகமோ அங்கேதான் வாங்கும் சக்தியும் குறைவு. ஆகவே முதல் போடுவது அரசின் பொறுப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனக்குள்ள ஐயமெல்லாம், போட்ட முதலுக்கு என்ன பலன் என்று எப்படி அளக்கிறோம் என்பதில்தான். இதற்கு ஒடிசாவுக்குப் போக வேண்டும்.

புரி மாவட்டத்தில் 100 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் அன்றைய முழு சுகாதார இயக்கத்தின் கீழ் கழிப்பறைகள் கட்டவைத்து, மற்ற பாதியோடு ஒப்பிட்டார்கள். 2014-ல் வெளியான ஆய்வு அது. கழிப்பறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காட்டுக்கு உயர்ந்தன. எந்த மாவட்ட நிர்வாகமும் மார்தட்டிக்கொள்ளக்கூடிய முன்னேற்றம். ஆனால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை, குடற்புழு குறையவில்லை, எடையும் உயரமும் கூடவில்லை. இரண்டு தொகுதிக் கிராமங்களுக்கும் நடுவே வேறுபாடே தெரியவில்லை.

அதே ஒடிசாவில் கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் வேறொரு முறையில் வேலை செய்துவந்தது. ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் சம்மதித்தால்தான் வேலையைத் தொடங்குவார்கள். மேல்சாதி வீடும் சேரி வீடும் ஒரே தொட்டி, ஒரே குழாய், ஒரே அளவுக் கழிப்பறை. கழிப்பறையோடு குளியலறை, இரண்டுக்கும் குழாய்த் தண்ணீர், சமையலறைக்கு ஒரு குழாய். எல்லாக் குடும்பமும் பணம் போட்டு ஊருக்கென ஒரு வைப்புநிதி. ஒரு வீடு முரண்டு பிடித்தாலும் வேலை நிற்கும்; சில ஊர்களில் பேசி முடிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கிறது. அந்தக் கிராமங்களைப் பொருளியலாளர் எஸ்தர் டஃப்லோவும் சகாக்களும் ஆராய்ந்து 2015-ல் எழுதியபோது, சிகிச்சைக்கு வரும் வயிற்றுப்போக்கு 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருப்பதைக் கண்டார்கள். பின்னால் வேறொரு குழு செய்த ஆய்வில் வயிற்றுப்போக்கில் வேறுபாடு தென்படவில்லை. குழந்தைகளின் உயரத்தில்தான் முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே இந்தச் சான்று கல்லில் வெட்டியதல்ல. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. 63 விழுக்காட்டுக்குப் பலன் 63 விழுக்காடாக வரவில்லை. சைபராக வந்தது.

காரணம் விளங்காதது அல்ல. கிருமி வீட்டு எல்லையைப் பார்ப்பதில்லை. நூறு வீட்டில் நாற்பது வீட்டார் ஏரிக்கரைக்குப் போனால் அறுபது வீட்டுக் குழந்தையும் அதே மண்ணில்தான் விளையாடும், அதே ஈ அதே சோற்றில்தான் உட்காரும். குழாய்த் தண்ணீரும் அப்படித்தான். 23 மணி நேரம் வெறுமையாகக் கிடக்கும் குழாய், ஒரு மணி நேரம் ஓடும்போது மற்ற 23 மணி நேரத்தின் அழுக்கையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். ஒரு ஊருக்குப் பாதிச் சாலை போட்டால் பாதித் தூரமாவது நடக்கலாம். தண்ணீரும் கழிப்பறையும் அந்த ரகம் இல்லை. பாதிக் கிணறு தாண்டுவது என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த ரகம்.

நாடு முழுக்க வீட்டுக்கு வீடு பாதுகாப்பான குழாய்த் தண்ணீர் கிடைத்தால் 4 லட்சம் வயிற்றுப்போக்கு மரணங்களைத் தவிர்க்கலாம், நாளொன்றுக்குத் தண்ணீர் சுமக்கச் செலவாகும் 5.5 கோடி மணி நேரம் மிச்சமாகும், அதில் பெரும்பகுதி பெண்களுடையது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. அமைச்சர்கள் மேடைதோறும் சொல்லும் கணக்கு இது. இதில் இரண்டாவது பாதி ஏற்கெனவே பெருமளவு நடந்துவருகிறது: குழியில் வைத்த குடமாக இருந்தாலும் அத்தை இப்போது ஒன்றரை மைல் நடப்பதில்லை. முதல் பாதி மட்டும் ‘பாதுகாப்பான’ என்ற ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. போதிய அளவு, முறையான வரத்து, தரம் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த இணைப்பு எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று அரசே 2022-ல் மாதிரி எடுத்துப் பார்த்தது. 62 விழுக்காடு. புரி கிராமங்களில் கழிப்பறை நின்றுபோன உயரம்தான், கிட்டத்தட்ட.

கழிப்பறைக்கு வருகிறேன். இங்கே கேள்வி இன்னும் கடுமையானது.

2019 அக்டோபர் 2-ல் கிராமப்புற இந்தியா திறந்தவெளியில் மலம் கழிப்பதிலிருந்து விடுபட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, நாட்டின் 19 விழுக்காடு வீடுகள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்கிறது. நான்காவது ஆய்வில் அது 39 விழுக்காடு. ஏறத்தாழ ஐந்தாண்டில் பாதியாகக் குறைந்திருக்கிறது. இதைச் சாதனை என்று சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. முழுமை என்று அறிவித்ததுதான் கேடு செய்தது. முடிந்துபோன வேலைக்கு யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள், விடுபட்ட வீட்டைத் தேடிப் போகமாட்டார்கள். அறிவிப்புக்குப் பிறகு விடுபட்டவர்கள் வறியவர்களாக மட்டும் இருக்கவில்லை, இல்லாதவர்களாகவும் ஆனார்கள்.

கட்டிய கழிப்பறையில் விழுவது எங்கே போகிறது என்பது அடுத்தது. அரசு பரிந்துரைத்தது இரட்டை உறிஞ்சுகுழி. ஒரு குழி நிறைய நாலைந்து ஆண்டாகும். நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டு, முதலாவதை ஓராண்டுக்கு மேல் மூடிவைத்தால் உள்ளிருப்பது வாடையில்லாத உலர்ந்த எருவாகிவிடும். எளிய, மலிவான, அறிவார்ந்த ஏற்பாடு. மக்கள் விரும்பிக் கட்டியதோ பெரிய ஒற்றைத் தொட்டி. ஆய்வாளர்கள் டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் வட இந்தியக் கிராமங்களை வைத்து 2017-ல் எழுதிய நூலில் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்கள்: குழியைத் தன் கையால் அள்ள எந்தச் சாதி இந்துவும் தயாரில்லை, அள்ளும் வேலை யாருடையது என்று சாதி தீர்மானித்து வைத்திருக்கிறது, அதனால் வாழ்நாளில் நிறையாத குழி வேண்டும் என்று கேட்கிறார்கள். பொறியியல் சாதியோடு மோதிய இடம் இது. 12,000 ரூபாயால் அதைத் தாண்ட முடியவில்லை.

பெரிய தொட்டியும் ஒருநாள் நிறையும். நிறைந்தால் லாரி வரும். ஊர்ப்புறத்தில் அந்த லாரி இரவில் எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்டுப்பாருங்கள். ஏரி உள்வாய், ஓடை, தரிசு. நம் மாநிலம் 2014-லேயே மலக்கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2017-ல் கருங்குழிப் பேரூராட்சியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. லாரி அங்கே போனால் கசடு உலர்களத்தில் காய்ந்து எருவாகிறது. வழி தெரியாமல் இல்லை. போதிய இடங்களில் இல்லை, இருக்கும் இடத்துக்கு லாரியைப் போகவைக்கும் கண்காணிப்பும் இல்லை. நகரங்களின் நிலையும் மெச்சும்படி இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி, நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 3,184 கோடி. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். திறன் போதவில்லை என்பது முதலீட்டின் குறை. கட்டிவைத்த திறனிலேயே மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறதே, அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அது ஒப்பந்தப்புள்ளியால் தீராத குறை. ஆள், மின்சாரம், உதிரிபாகம், மாதச் சம்பளம் சம்பந்தப்பட்டது.

லாரி நுழைய முடியாத சந்தில் இன்னமும் மனிதன் இறங்குகிறான். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் இதைத் தடுக்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. 1993 முதல் இப்படிப் பதிவான மரணங்களில் தமிழ்நாடுதான் முதலிடம். மற்ற மாநிலங்களைவிட நாம் ஒழுங்காகப் பதிவு செய்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் ஒரு பிணமும் குறைந்துவிடாது. கழிப்பறைகளின் எண்ணிக்கையைக் கூட்டி, கசடை அகற்றும் ஏற்பாட்டைக் கூட்டாமல் விட்டால், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு தொட்டியும் பத்தாண்டு கழித்து யாரையோ உள்ளே அழைக்கும். பொதுப்பணத்தில் கட்டப்பட்டது என்பதால் அந்தப் பொறுப்பும் பொதுவானதே.

இப்போது பணத்தின் போக்கைப் பார்ப்போம். 2024-25 வரவுசெலவுத் திட்டத்தில் ஜல் ஜீவனுக்கு ஒதுக்கியது 70,163 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கியது. சில மாநிலங்களில் வேலையின் தரம் குறித்தும் மதிப்பீட்டை ஊதிப்பெருக்கியது குறித்தும் எழுந்த புகார்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது அரசுத் தரப்பு. முறைகேட்டைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் குழாய் பதித்து, தொட்டி கட்டி, இணைப்பு கொடுக்காமல் நின்றுபோன ஊரில் யாருக்குத் தண்டனை? அடுத்த ஆண்டு 67,000 கோடி ஒதுக்கி, திட்டக் காலத்தை 2028 வரை நீட்டித்து, இனிப் பராமரிப்பிலும் கவனம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு சரியான திசையில் இருக்கிறது. இடையில் விழுந்த பள்ளம் நான் மேலே சொன்ன காரணத்தால் சாதாரணத் தாமதம் ஆகாது. கடைசி இருபது வீட்டை நிறுத்திவைப்பது, முதல் எண்பது வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய ஆரோக்கியத்தையும் சேர்த்து நிறுத்திவைக்கிறது.

பராமரிப்புச் செலவு யார் கணக்கில்? கட்டுமானத்துக்கு மத்திய, மாநிலப் பணம். கட்டி முடித்ததும் ஊராட்சியின் தலையில். நடத்துவதற்கென 15ஆவது நிதிக்குழு 2021-22 முதல் ஐந்தாண்டுக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமாக 1.42 லட்சம் கோடி ரூபாய் தனியே குறித்துவைத்தது. பெரிய தொகைதான். ஆனால் புதுத் தொட்டி, புதுக் கழிவுநீர்க் கால்வாய் என்று கட்டுவதற்கும் அதில் கைவைக்க இடம் இருந்தது. கட்டினால் கல்வெட்டு உண்டு. மோட்டாருக்குக் காயில் கட்டினால் கல்வெட்டு ஏது?

மக்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு இங்கே இடம் கொடுக்கிறேன். மூலதனத்துக்கு அரசு, அன்றாடச் செலவின் ஒரு பகுதிக்குக் குடும்பம் என்ற பங்கீடு நியாயமானது. வராத தண்ணீருக்குக் கட்டணம் கேட்பதுதான் அநியாயம். புரி நகரத்தையே பாருங்கள். ஊருக்கு வெளியே கிராமங்களில் அந்தத் தோல்வி பதிவான அதே புரி. 2021 ஜூலையில் நகரம் முழுக்க, நாள் முழுக்க, குழாயிலிருந்து அப்படியே பிடித்துக் குடிக்கக்கூடிய தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் முதல் நகரம். செய்தது அரசு. பணம் அரசினுடையது. வீடு வீடாகப் போய் மீட்டர் படிப்பதும், தண்ணீரைச் சோதித்துக் காட்டுவதும், கட்டணம் வாங்குவதும் ஜலசாத்தி என்று அழைக்கப்படும் சுய உதவிக் குழுப் பெண்கள். வசூலில் அவர்களுக்குப் பங்குண்டு. தண்ணீர் வந்த பிறகு பணம் கேட்டார்கள். வரிசை முக்கியம்.

இன்னொரு வாதமும் உண்டு. நாள் முழுக்கத் தண்ணீர் விட மூலம் எங்கே என்பார்கள். ஊரகக் குடிநீரில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்துதான் வருகிறது, நிலத்தடி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜல் ஜீவன் அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்புதான் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. இந்தக் கவலை உண்மை. ஆனால் விட்டு விட்டுத் தண்ணீர் கொடுப்பது சிக்கனம் என்பது தவறு. எப்போது நிற்குமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வீடும் அண்டா, டிரம், சின்டெக்ஸ் எல்லாவற்றையும் நிரப்பி, மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் பழையதைச் சாக்கடையில் ஊற்றுகிறது.

என் தீர்ப்பு இதுதான். அரசே முதல் போட வேண்டும் என்ற கொள்கையில் இந்தியா வென்றிருக்கிறது; வேறு வழியில் 15 கோடி வீட்டை எட்டியிருக்க முடியாது. ஆனால் பற்றாக்குறை தீர்ந்தது என்று சொல்லும் தகுதியை இந்த முதலீடு இன்னும் பெறவில்லை, இப்போதுள்ள கணக்கு முறையைத் தொடர்ந்தால் 100 விழுக்காட்டை எட்டிய பிறகும் பெறாது. குடியிருப்பிலிருந்து வீட்டுக்கு மாறியது போல, வீட்டிலிருந்து கடைசி வீட்டின் தண்ணீருக்கு அலகு மாற வேண்டும்: எத்தனை மணி நேரம், என்ன அழுத்தம், எவ்வளவு குளோரின். மானியத்தின் ஒரு பகுதியை அந்த அளவீட்டோடு கட்டிவைத்து, கட்டி முடித்த பிறகும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். கசடு எங்கே போகும் என்று காட்டாத எந்தக் கழிப்பறைத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது. இதற்கு ஆகும் செலவு பெரிது. ஆனால் ஏற்கெனவே போட்ட பல லட்சம் கோடியும் பலன் தருவது இதை நம்பித்தான்.

அந்த ஊரில் தண்ணீர் விடுபவரோடு ஒரு காலை சுற்றினேன். தொகுப்பூதியக்காரர். மூன்று வால்வு, ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர், கேட்பாரற்ற ஒரு சைக்கிள். சட்டைப் பையில் குளோரின் பார்க்கும் சிறிய கண்ணாடிக் குழாயும் மருந்துப் புட்டியும் வைத்திருந்தார். தொட்டியடியில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு விட்டார். எலுமிச்சை மஞ்சள். நோட்டில் எழுதிக்கொண்டார். அத்தை வாசலிலும் பார்க்கலாமா என்று கேட்டேன். தயங்காமல் வந்தார். குழிக்குள் குனிந்து பிடித்து, இரண்டு சொட்டு விட்டு, குலுக்கி, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நிறம் வரவில்லை. இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. “இதையும் எழுதுவீங்களா?” என்றேன். நோட்டைத் திறந்து காட்டினார். தேதிக்கு நேரே ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அது தொட்டியடி அளவால் நிறைந்திருந்தது.